ஆன்டெனாவுக்கு முன் எர்த்: டெல்டா வீடுகளுக்கான மின்னல் பாதுகாப்பு, வரிசைப்படி

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, மாடியில் ஒரு ஜி.ஐ. பைப்பை நட்டு ஆன்டெனா கட்டுவது. எர்த் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சித்திரை மாதக் கோடை மழையில் முதல் இடி இடிக்கும்போது ஞாபகம் வரும். இங்கே வரிசை அதற்கு நேர்மாறு. முதலில் கேபிள் நுழையும் இடம், பிறகு மண், பிறகு இணைப்புகள், ஆன்டெனா கடைசியில்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மின்னல் விழாமல் தடுக்கும் கருவி எதுவும் கிடையாது. நம்மால் முடிந்தது இரண்டு. வரும் மின்னோட்டத்தை வீட்டுக்கு வெளியிலேயே மண்ணுக்கு அனுப்பலாம். வீட்டுக்குள் உள்ள உலோகம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தத்துக்கு ஏறி இறங்கும்படி இணைத்து வைக்கலாம். முதலாவதைப் பலர் அரைகுறையாகவாவது செய்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

செம்பு பூசிய எர்த் கம்பிகள், 3 மீட்டர் நீளம், 17 மில்லிமீட்டர் சுமார் விட்டம், செம்புப் பூச்சு 250 மைக்ரான் உள்ளதாக. குறைந்தது இரண்டு வேண்டும். விலை குறைவான கம்பிகளில் பூச்சு நகத்தால் சுரண்டினாலே போகும் அளவுக்கு மெல்லியது. அதை வாங்குவதற்குப் பதில் நல்ல ஜி.ஐ. பைப்பே மேல்.

இணைப்புக்கு 25×3 மில்லிமீட்டர் பட்டை: செம்போ, சூடாகத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ.யோ. மின்னல் இறங்கும் கடத்திக்கு ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 62305 தரம் கேட்பது 50 சதுர மில்லிமீட்டர். இந்தப் பட்டை 75 இருக்கும். வயரை விட்டுப் பட்டையைச் சொல்வதற்குக் காரணம், அதன் பரப்பு அதிகம் என்பதால் திடீரென ஏறும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடை கொஞ்சம் குறைவு.

துருப்பிடிக்காத எஃகு போல்ட், நட்டு, வாஷர், கம்பிக்கேற்ற கிளாம்ப், பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் ஒரு வகைக் களிமண் பொடி) மூட்டை, கோஆக்ஸ் எனப்படும் ஆன்டெனா கேபிளுக்கான அரெஸ்டர்கள் (மின்னல் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்புபவை), ஒரு தடித்த உலோகத் தகடு. எர்த் டெஸ்டர் வாங்க வேண்டாம். வயரிங் ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

2. கேபிள் நுழையும் இடத்தை முடிவு செய்தல்

இதுதான் முழு வேலைக்கும் அச்சு. வீட்டுக்குள் வரும் எல்லாக் கம்பியும், அதாவது கரண்ட், ஆன்டெனா கோஆக்ஸ், ரோட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) கேபிள், கேபிள் டி.வி., இணையம் எல்லாமே, ஒரே சுவரில் ஒரே இடத்துக்கு அருகில் நுழைய வேண்டும். ஈ.பி. மீட்டர் இருக்கும் சுவர்தான் இயல்பான இடம், ஏனென்றால் மீட்டரை நம்மால் நகர்த்த முடியாது.

புதியவர்கள் ரேடியோ அறையைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிடுகிறார்கள். மீட்டர் வாசலில், ஆன்டெனா கொல்லையில். மின்னல் ஒரு பக்கம் ஏறினால், மறுபக்கத்துக்குப் போகும் வழி வீட்டின் நடுவே, உங்கள் மேஜை வழியாகத்தான். முடிந்தால் ரேடியோவை மீட்டர் சுவருக்கு அடுத்த அறைக்கு மாற்றுங்கள். வீட்டில் அந்த அறையைத் தர மாட்டார்கள் என்றால், கோஆக்ஸை வீட்டுக்கு வெளியே சுற்றிக் கொண்டுவந்து மீட்டர் பக்கமே நுழையுங்கள். கூடுதல் கேபிளில் சிக்னல் கொஞ்சம் இழப்பாகும். ஹெச்.எஃப். எனப்படும் சிற்றலை அலைவரிசைகளில் அது காதில் கேட்கும் அளவு இருக்காது.

3. வீட்டில் ஏற்கெனவே உள்ள எர்த்தைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் குழி இருக்கும், குழிக்குப் போகும் ஜி.ஐ. கம்பி இருக்காது. மண் மட்டத்தில் துருப்பிடித்து அறுந்திருக்கும். மூன்று துளை பிளக் பாயின்ட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கம்பியைக் கையால் தொடர்ந்து போய், கடைசி வரை பாருங்கள். தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடாக இருந்தால் அதையும் இந்தச் செலவிலேயே போட்டுவிடுங்கள்.

அடிபம்பின் இரும்புக் குழாயில் எர்த் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை உடனே அவிழ்த்துவிடுங்கள். குழாய் நிலத்தடி நீர் வரை போவதால் எர்த் அளவு அருமையாகத்தான் இருக்கும். ஆனால் மின்னல் இறங்கும் நேரத்தில் கைப்பிடியில் யாரோ தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கலாம்.

4. உங்கள் மண் எது?

டெல்டா என்றால் எல்லாம் வண்டல் என்று நினைக்க வேண்டாம். எர்த் வேலையைப் பொறுத்தவரை இங்கே மூன்று வகை ஊர்கள் இருக்கின்றன.

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரக் களிமண் எர்த்துக்கு மிக நல்லது. ஈரமான களியின் மின்தடைத்திறன் பொதுவாக 10 முதல் 100 ஓம்-மீட்டருக்குள் இருக்கும். 30 என்று வைத்தால், 3 மீட்டர் கம்பி ஒன்றே சுமார் 10 ஓம் தரும். சிக்கல் கோடையில். பங்குனி, சித்திரையில் வயல் வெடிப்பு விடுகிறதே, அதே வெடிப்பு கம்பியைச் சுற்றியும் விடும். மண் கம்பியை விட்டு விலகினால் அந்த நீளம் வீண். ஆகவே கம்பியின் தலை தரைக்கு அரை மீட்டர் கீழே இருக்க வேண்டும், சுற்றிலும் பென்டோனைட் போட வேண்டும். அது ஈரத்தைப் பிடித்துவைத்து ஊதி நிற்கும்.

வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் செம்பாறையும். 500 ஓம்-மீட்டர் மண்ணில் அதே கம்பி 160 ஓமைத் தாண்டும். அங்கே ஆழம் தேடிக் கஷ்டப்படுவதைவிடப் படுக்கையாகப் பட்டை புதைப்பது பலன் தரும். அரை மீட்டர் ஆழத்தில், மூன்று நான்கு திசைகளில், ஒவ்வொன்றும் 10 மீட்டர் சுமார் நீளம். முதல் சில மைக்ரோ நொடிகளில் மின்னோட்டம் பரவிப் போக அகலமான பாதை கிடைக்கிறது.

வேதாரண்யம், கோடியக்கரை ஓரம் மேலே காய்ந்த மணல், கீழே உப்புத் தண்ணீர். ஒன்றோடொன்று இணைக்கும் நீளக் கம்பிகளை ஈரம் வரை இறக்கினால் அளவு நன்றாகவே வரும். ஆனால் உப்பு எதையும் விட்டுவைக்காது. ஜி.ஐ. வேண்டாம், செம்பு மட்டும். இணைப்புகளை வருடம் இருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

குழியில் கரியும் உப்பும் போடும் பழைய முறை பற்றிக் கேட்பார்கள். உப்பு கரைந்து மழையோடு போய்விடும், போகும் வழியில் இரும்பை அரிக்கும். களிமண் பூமியில் அதற்குத் தேவையே இல்லை.

5. கம்பி அடித்தல், அளத்தல்

அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழி வெட்டுங்கள். களிமண்ணாக இருந்தால் முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் சம்மட்டிக்குக் கம்பி இணங்கிப் போகும். தலையில் இரும்புத் தொப்பி வைத்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி விரிந்து கிளாம்ப் நுழையாது. மோட்டார் கேபிளும் தண்ணீர்க் குழாயும் அந்த வழியில் புதைந்திருக்கின்றனவா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது கம்பிக்கு இடைவெளி 6 மீட்டர், அதாவது கம்பி நீளத்தின் இரட்டிப்பு. இடம் இல்லையென்றால் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பயன்படுத்தும். ஒரே குழியில் இரண்டு கம்பி இறக்கிவிட்டு இரண்டு எர்த் என்று கணக்குச் சொல்லும் ஆட்கள் உண்டு.

மாட்டுத் தொழுவத்துக்கும் வாசற்படிக்கும் அருகில் வேண்டவே வேண்டாம். மின்னல் இறங்கும்போது தரையிலேயே அடிக்கு அடி மின்னழுத்தம் மாறும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், மின்னோட்டம் இதயம் வழியாகப் போகும். இடி விழுந்து மாடுகள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வீட்டு எர்த்தோடு இணைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். இணைத்த பிறகு அளந்தால் வீட்டு எர்த்தும் சேர்ந்து நல்ல எண்ணாகக் காட்டும், உங்கள் கம்பியின் நிலை தெரியாது. டெஸ்டரின் மின்னோட்ட முளையைக் கம்பியிலிருந்து 30 மீட்டரில் அடியுங்கள், அழுத்த முளையை அதே நேர்க்கோட்டில் 62 சதவீதத் தூரத்தில், அதாவது 18.5 மீட்டர் சுமாரில். அழுத்த முளையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி அளந்தால் எண் பெரிதாக மாறக் கூடாது. மாறினால் முளைகள் மிகவும் நெருக்கம்.

எப்போது அளக்கிறீர்கள் என்பது முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், மே கடைசியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளந்த எண்தான் உண்மையான எண். ஐப்பசி மழையில் எந்தக் கம்பியும் நல்ல பெயர் வாங்கும்.

6. தனி எர்த் என்னும் தப்பு

"ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டிருக்கிறேன், வீட்டு எர்த்தோடு சேர்க்கவில்லை, அதனால் வீட்டுக்குப் பாதுகாப்பு." இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் அதிகம். சில எலக்ட்ரீஷியன்களும் இப்படியே சொல்லித்தருகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நடுத்தரமான ஒரு மின்னல் 30,000 ஆம்பியர். உங்கள் ஆன்டெனா எர்த் 10 ஓம், நல்ல எர்த்தான். இரண்டையும் பெருக்குங்கள்: 3 லட்சம் வோல்ட். அந்த நொடியில் ஆன்டெனா எர்த்தும் அதோடு கட்டிய கோஆக்ஸின் உலோக உறையும் ரேடியோ செட்டின் பெட்டியும் 3 லட்சம் வோல்ட்டில் நிற்கின்றன. வீட்டு எர்த் சும்மா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எது? செட்டின் பவர் சப்ளை, அதன் மூன்று பின் பிளக். மின்னல் அதைத் தாண்டி வீட்டு எர்த்துக்குப் போகும். தாண்டும் வழியில் செட் கருகும், வயரிங் தீப்பிடிக்கலாம்.

இரண்டு எர்த்தையும் தரைக்கடியில் பட்டையால் சேர்த்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே இறங்கும். வெள்ளத்தில் ஒரே படகில் இருப்பவர்களுக்குள் மேடு பள்ளம் இல்லை. செட்டுக்குள் ஓட மின்னோட்டத்துக்குக் காரணமும் இல்லை. ஓம் எண்ணைக் குறைக்கத் திண்டாடுவதைவிட இந்த ஒரு இணைப்பு பல மடங்கு மதிப்புள்ளது. 20 ஓம் எர்த்தும் முழு இணைப்பும் உள்ள வீடு, 2 ஓம் தனி எர்த் வைத்த வீட்டைவிடப் பத்திரம்.

பட்டையை வீட்டுக்கு வெளியே, அரை மீட்டர் ஆழத்தில், உறை இல்லாமல் புதையுங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டே போவதால் அதுவும் எர்த்தாக வேலை செய்யும். அலுமினியத்தை மட்டும் மண்ணுக்குள் கொண்டுபோகாதீர்கள், அரித்துவிடும். மண்ணுக்குள் வரும் இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கூடாது. மின்னல் சூட்டில் ஈயம் உருகும். கிளாம்ப் போதும், எக்ஸோதெர்மிக் வெல்டிங் (உலோகப் பொடியை எரித்து, உருகும் உலோகத்தால் இணைப்பது) செய்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்த இணைப்பில் மீட்டர் பக்கம் தொடும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். என்ன வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் "எதுக்கு சார் சேர்க்கணும்?" என்று கேட்டால் மேலே உள்ள பெருக்கலைக் காட்டுங்கள்.

7. மாஸ்ட்டும் தென்னையும்

மாஸ்ட்டின், அதாவது ஆன்டெனா நிற்கும் கம்பத்தின், அடியிலிருந்து பட்டை நேராக, குறுகிய வழியில் எர்த் கம்பிக்கு இறங்க வேண்டும். நேரான கடத்தி மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் நிற்கும். கைப்பிடிச் சுவரைச் சுற்றி அழகாக வளைத்துக் கொண்டுபோன பட்டை, வளைவிலிருந்து சுவருக்குள் இருக்கும் கம்பிக்குத் தாவும். வளைக்கத்தான் வேண்டும் என்றால் 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் அகல வளைவாக. மேல்நோக்கி ஏறி மறுபடி இறங்குவது கூடவே கூடாது.

ஜி.ஐ. மாஸ்ட்டில் செம்புப் பட்டையை நேரடியாக இறுக்காதீர்கள். ஈரக்காற்றில் துத்தநாகம் கரைந்துவிடும். நடுவில் துருப்பிடிக்காத எஃகு வாஷர் வையுங்கள். மாஸ்ட்டைக் கான்கிரீட்டில் நடுவதாக இருந்தால், உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பிகளையும் பட்டையோடு கட்டிவிடுங்கள்.

கோஆக்ஸின் உறையை இரண்டு இடத்தில் மாஸ்ட்டோடு கட்ட வேண்டும்: உச்சியில் ஒன்று, வீட்டை நோக்கித் திரும்பும் முன் அடியில் ஒன்று. அடியில் கட்டாவிட்டால் மாஸ்ட்டில் வந்த பங்கு உறை வழியாக வீட்டுக்குள் வரும்.

40 மீட்டர் அலைவரிசைக்கு 20 மீட்டர் நீள டைபோல் (நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனா) வேண்டும். டெல்டாவில் அதற்கு இரண்டு தென்னைகள்தான் நினைவுக்கு வரும். கட்டலாம், ஆனால் இடி தென்னையைத் தேடி விழும் என்பது ஊரறிந்தது. கம்பியை மட்டைக்குள் விடாமல், நைலான் கயிற்றால் மரத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒரு பக்கம் கப்பியும் எடையும் வைத்தால் காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறாது. கஜா அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு தென்னையை நிரந்தரக் கம்பம் என்று இந்தப் பக்கம் யாரும் நம்புவதில்லை.

உயர்ந்த விலையில் பெரிய வட்டத்தைக் காப்பதாகச் சொல்லும் நவீன இடிதாங்கிகளை விற்க வருவார்கள். 62305 தரம் அந்த வட்டக் கணக்கை ஏற்பதில்லை. அந்தப் பணத்துக்குச் செம்புப் பட்டை வாங்கலாம்.

8. நுழைவுத் தகடும் அரெஸ்டரும்

மீட்டர் பக்கச் சுவரில், வெளிப்புறம், மழை படாத ஒரு பெட்டிக்குள் தகட்டைப் பொருத்துங்கள். அரெஸ்டர்களை அந்தத் தகட்டிலேயே திருகி, தகட்டிலிருந்து பட்டையை நேராக எர்த்துக்கு இறக்குங்கள். அரெஸ்டரை அறைக்குள் மேஜைக்குப் பின்னால் வைத்து ஒரு பச்சை வயரால் எர்த் செய்வது பொதுவான தவறு. அதற்குள் மின்னலை வீட்டுக்குள் அழைத்துவந்தாயிற்று.

வாயுக் குழாய் வகை அரெஸ்டர் போதும். 100 வாட்டில், 50 ஓமில், உச்ச வோல்ட்டேஜ் 100. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) 3 ஆனால் 173 வரை ஏறும். 230 வோல்ட் குழாய் ஒட்டி நிற்கும், 350 வோல்ட் நிம்மதி. 90 வோல்ட் குழாய் கேட்பதற்கு மட்டும் பயன்படும் ரிசீவருக்கு. அதை டிரான்ஸ்மிட்டரில் போட்டுவிட்டு, மைக்கை அழுத்தும்போதெல்லாம் எஸ்.டபிள்யூ.ஆர். ஏன் துள்ளுகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

தகட்டுக்கு வரும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ரோட்டர் கேபிளுக்கும் கேபிள் டி.வி. கோஆக்ஸுக்கும் இதே தகடுதான். இணையத்துக்கு உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் இருந்தால் ஒரு கவலை குறைவு.

9. கரண்ட் லைன்

மீட்டருக்கு அடுத்துள்ள பெட்டியில் இரண்டாம் வகை எஸ்.பி.டி. (மின்னழுத்தம் திடீரென எகிறினால் அதை எர்த்துக்குத் திருப்பும் கருவி) பொருத்துங்கள். அதிலிருந்து மெயின் எர்த்துக்குப் போகும் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். கிராமப்புறத்தில் நியூட்ரல் அறுந்து வோல்ட்டேஜ் எகிறுவது உண்டு என்பதால் 275-ஐ விட 320 வோல்ட் மதிப்புள்ளதை எடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயுக் குழாய் உள்ள அமைப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்.

10. மேஜைக்குப் பின்னால்

ஒரு செம்புப் பட்டை. செட், பவர் சப்ளை, டியூனர் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாகக் குட்டை வயர் அந்தப் பட்டைக்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகக் கட்டக் கூடாது. பட்டையிலிருந்து நுழைவுத் தகட்டுக்கு ஒரே வழி. முடிந்தது.

11. கழற்றும் பழக்கம்

இத்தனையும் செய்த பிறகும் செட்டைக் காப்பாற்றும் மலிவான வழி, கேபிளைக் கழற்றி வைப்பது. டெல்டாவில் இடி அதிகம் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் தொடக்கத்திலுமாக செப்டம்பர், அக்டோபரிலும். அந்த மாதங்களில் பேசி முடித்ததும் கழற்றுவது வழக்கமாக இருக்கட்டும்.

கழற்றிய நுனியை மேஜைமேல் போட்டுவிடாதீர்கள், அங்கிருந்தே தாவும். வெளித் தகட்டிலேயே கழற்றி, எர்த் செய்த மூடியில் திருகி வையுங்கள். செட்டின் மூன்று பின் பிளக்கையும் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

இடிச் சத்தம் கேட்டுவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே 30 நொடி என்றால் அது 10 கிலோமீட்டர் தூரம், அடுத்தது உங்கள் மாடியில் விழலாம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்கு முன்பே எச்சரிக்கை வேண்டும் என்றால், புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி சுற்றியுள்ள 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் விழும் மின்னலைக் காட்டும். 40 மீட்டர் அலைவரிசையில் படபடவென்று வெடிக்கும் இரைச்சல் அதிகமாகிக்கொண்டே போவதும் ஒரு அறிகுறிதான், காது பழகினால்.

பக்கத்தில் இடி விழுந்தது தெரிந்தால், மீண்டும் இணைக்கும் முன் எஸ்.பி.டி.யின் சிறு ஜன்னலைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். அரெஸ்டரின் வாயுக் குழாயைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள், ஷார்ட் காட்டினால் அது தன் வேலையை முடித்துவிட்டது. ஷார்ட் காட்டாத குழாயும் பழுதாகியிருக்கலாம் என்பதால் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது. அப்புறம் குறைந்த பவரில் எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்துவிட்டு, பழைய எண்ணே வந்தால் செட்டை முழு பவருக்கு ஏற்றலாம்.